விற்க முடியாத ஆகுபெயர்

"ஊர் சிரித்தது" என்றால் சிரித்தவை வீடுகளும் தெருக்களும் அல்ல. அங்கு வாழும் மக்கள். இடத்தின் பெயர் அவ்விடத்து மனிதருக்கு ஆகி வருவதால் இதனை இடவாகுபெயர் என்கிறது இலக்கணம். இன்று இந்த இலக்கணம் மிகுதியாகப் பயில்வது செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில்தான். "கனடா வென்றது", "பாஸ்டன் தோற்றது" என்று எழுதும்போது ஆடியவர்கள் இருபது பேர். வென்றதாகவோ தோற்றதாகவோ சொல்லப்படுவது ஓர் ஊர், ஒரு நாடு. அந்த இருபது பேரில் பலர் அந்த ஊரில் பிறந்தவர்கள் அல்லர் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஆகுபெயர் உயிரோடிருக்கிறது.

அந்த ஆகுபெயரை ஒருவர் விலைக்கு விற்றுவிட்டால் ஊருக்கு என்ன எஞ்சும்? இந்தக் கேள்வியோடு கனடாவின் கியூபெக் நகரம் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறது. 1995 மே மாதம் அந்நகரின் பனி ஹாக்கி அணியான நோர்திக் 75 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் விற்கப்பட்டு, கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்குப் பெயர்ந்தது. தோற்றுத் தேய்ந்த அணியொன்று போகவில்லை. அந்தப் பருவத்தில் தேசிய ஹாக்கி லீக்கின் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணியே போனது.

நோர்திக் கியூபெக்கில் முளைத்த அணியும் அன்று. 1972இல் உலக ஹாக்கி சங்கம் என்ற புதிய லீக் தொடங்கியபோது சான் பிரான்சிஸ்கோவுக்கென ஒதுக்கப்பட்ட உரிமை, ஓர் ஆட்டம்கூட நிகழுமுன் கியூபெக் முதலீட்டாளர்களின் கைக்கு மாறியது. நகரம் பெற்றது ஓர் ஒப்பந்தத்தாள் மட்டுமே. அதற்கு ஊர் பெயர் சூட்டியது. 'நோர்திக்' என்றால் பிரெஞ்சு மொழியில் வடபுலத்தார் என்று பொருள். மாநிலக் கொடியில் உள்ள அல்லிமலர்ச் சின்னம் அணியின் சட்டையிலும் ஏறியது. 1979இல் சங்கம் கலைந்தபோது அதன் நான்கு அணிகள் தேசிய ஹாக்கி லீக்கில் சேர்த்துக்கொள்ளப்பட்டன: கியூபெக், வின்னிபெக், ஹார்ட்ஃபோர்ட், எட்மன்டன்.

அந்த ஆண்டுகளில் பிரெஞ்சு பேசும் மாநிலம் தன் மொழிக்கு அரசியல் உருவம் தேடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சைப் பொதுவாழ்வின் மொழியாக நிலைநிறுத்திய 101ஆம் சட்டம் 1977இல் நிறைவேறியது. 1980இல் இறையாண்மை குறித்த முதல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மாநிலத்தின் பெருநகரான மொன்றியலுக்குக் கனேடியன்ஸ் என்ற புகழ்மிக்க பழைய அணி இருந்தது. தலைநகரான கியூபெக்கிற்கோ நோர்திக்தான் தன் குரல். பகை பானத்திலும் புகுந்தது. மொன்றியல் அணி மோல்சன் மதுபான ஆலையின் கையிலும், கியூபெக் அணி கார்லிங் ஓகீஃப் ஆலையின் கையிலும் இருந்ததால், ஒருவர் எந்த பீர் குடிக்கிறார் என்பதே எந்த அணியின் பக்கம் என்பதைக் காட்டிக்கொடுத்தது. 1984 ஏப்ரலில், புனித வெள்ளியன்று, இரு அணிகளும் பனித்தளத்தில் நடத்திய கைகலப்பு அந்த விளையாட்டின் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

இந்த ஊருக்கு உலகமும் வந்தது. 1980 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகருக்கு ஆட வந்த பீட்டர் ஸ்டாஸ்ட்னியும் தம்பி ஆன்டனும், நோர்திக் நிர்வாகிகளின் துணையோடு செக்கோஸ்லோவாக்கிய அணியினரிடமிருந்து தப்பிக் கனடாவை அடைந்தனர். அண்ணன் மரியன் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். பீட்டர் தம் முதல் பருவத்திலேயே 109 புள்ளிகள் குவித்தார். 1980களில் அந்த லீக்கில் அவரைவிட அதிகப் புள்ளிகள் எடுத்தவர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒருவரே. பிராட்டிஸ்லாவாவில் பிறந்த ஸ்லோவாக்கியர் ஒருவர், பிரெஞ்சு பேசும் நகரத்தின் பெயருக்குரியவர் ஆனார். 1987 பிப்ரவரியில் சோவியத் தேசிய அணி அந்நகருக்கு வந்து லீக்கின் தேர்ந்த வீரர்களோடு இரண்டு ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆட்டத்தில் லீக் அணி 4-3 என வென்றது. இரண்டாவதில் சோவியத் அணி 5-3 என வென்றது. பனிப்போரின் இரு முனைகளும் தங்கள் பனித்தளத்தில் சந்தித்ததைக் கண்டவர்கள், எட்டே ஆண்டுகளில் தங்கள் ஊர் இந்த விளையாட்டின் வரைபடத்திலிருந்தே நீங்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

நீக்கியது கணக்கு. வீரர்களின் ஊதியம் அமெரிக்க டாலரில். நுழைவுச்சீட்டு விற்பனை கனடிய டாலரில். 1995இல் ஒரு கனடிய டாலர் ஏறத்தாழ 73 அமெரிக்க சென்ட்டுக்கே சமம். ஏழு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த நகர்ப்பகுதி, 1949இல் எழுந்த பழைய அரங்கு, விருந்தினர் அறைகளை வாங்கக்கூடிய பெருநிறுவனங்களின் பற்றாக்குறை, பிரெஞ்சில் மட்டுமே ஒளிபரப்பாகும் சிறிய தொலைக்காட்சிச் சந்தை. வீரர் ஊதியத்துக்கு அன்று உச்சவரம்பும் இல்லை. அதைக் கோரி உரிமையாளர்கள் நடத்திய கதவடைப்பால் 1994-95 பருவம் 48 ஆட்டங்களாகச் சுருங்கியது, வரம்பு வரவில்லை. புதிய அரங்கு குறித்து மாநில அரசோடு நடந்த பேச்சும் முறிந்தது. உச்சவரம்பு வந்தது 2005இல், முழுப் பருவம் ஒன்றையே பலிகொடுத்த இன்னொரு கதவடைப்புக்குப் பிறகு. கியூபெக்கைக் காத்திருக்கக்கூடிய விதி பத்தாண்டு தாமதமாக வந்தது.

டென்வரில் அணிக்கு அவலாஞ்ச், அதாவது பனிச்சரிவு, என்று பெயர் மாற்றினர். 1996 ஜூனில், சென்ற முதல் ஆண்டிலேயே, அது ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஜோ சாக்கிக், பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் எனக் கியூபெக் வளர்த்த வீரர்களே முன்னின்றனர். 1995 டிசம்பரில் மொன்றியலிலிருந்து வந்த காப்பாளர் பாட்ரிக் ருவா துணைநின்றார். நோர்திக் கியூபெக்கிலேயே இருந்திருந்தால் மொன்றியல் தன் காப்பாளரைப் பகையாளியிடம் அனுப்பியிருக்காது என்பது பரவலான கருத்து. ஆக, கியூபெக்கின் கனவு நிறைவேறியது. கியூபெக் மட்டும் அதில் இல்லை.

ஃபெர்டினான்ட் டி சொசூரின் மாணவர் குறிப்புகளிலிருந்து 1916இல் வெளியான பொதுமொழியியல் நூலில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜெனீவாவிலிருந்து பாரிஸுக்கு நாள்தோறும் இரவில் புறப்படும் விரைவு ரயில் நேற்றும் இன்றும் ஒரே ரயில்தான், எஞ்சினும் பெட்டிகளும் ஊழியர்களும் வேறாக இருக்கலாம் என்றபோதும். ரயிலை அதுவாக்குவது இரும்பு அன்று. புறப்படும் நேரம், வழி, மற்ற ரயில்களிலிருந்து அது வேறுபடும் விதம். விளையாட்டு அணி இதற்குப் பொருத்தமான சான்று. வீரர் மாறுவர், பயிற்சியாளர் மாறுவார், உரிமையாளரும் மாறுவார். அணி அதே அணி. 1995இல் நடந்தது இதன் மறுதலை. எஞ்சினும் பெட்டிகளும் ஊழியர்களும் அப்படியே இருந்தனர். மாறியது வழி மட்டுமே. லீக்கின் ஆவணம் ரயில் அதுவே என்றது. நடைமேடையில் நின்றவர்கள் ரயில் போய்விட்டது என்றார்கள்.

யார் சொன்னது சரி என்பதை அவலாஞ்சே ஒருவகையில் காட்டிவிட்டது. கியூபெக் அணி டிரெம்ப்ளே, டார்டிஃப், கூலே ஆகியோரைப் போற்றி 3, 8, 16 ஆகிய எண்களை இனி எவரும் அணியலாகாது என ஓய்வளித்திருந்தது. டென்வரில் அந்த எண்கள் மீண்டும் புழக்கத்துக்கு வந்தன. புள்ளிவிவரம் தொடர்ந்தது, நினைவு தொடரவில்லை. 2020-21 பருவத்தில் அதே அணி, பனிக்குடில் வடிவிலான பழைய நோர்திக் சின்னத்தைத் தன் நிறங்களில் தீட்டிய சட்டையை விற்பனைக்கு வைத்தது. மதிக்கத் தேவைப்படாத மரபு விற்கத் தேவைப்பட்டது.

பெயர்கள் பயணம் செய்யும் விதமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864இல் எரிந்த அட்லாண்டா நகரின் நினைவாக வந்த 'ஃபிளேம்ஸ்' என்ற பெயர், 1980இல் அணியோடு கால்கரிக்குப் போய் எண்ணெய் நகரத்தின் சுடராகப் புதுப்பொருள் கொண்டது. மின்னசோட்டாவின் 'நார்த் ஸ்டார்ஸ்' 1993இல் தெற்கே டல்லஸுக்குப் போகையில் 'நார்த்' என்ற அடையை உதிர்த்தது. 'நோர்திக்' என்ற பெயரில் உதிர்க்க அடை ஏதுமில்லை. வடக்கும் பிரெஞ்சும் அதன் பகுதியிலேயே கலந்திருந்தன. அதனால்தான் அது ஊரிலேயே தங்கியது.

1979இல் லீக்கில் சேர்ந்த நால்வரில் வின்னிபெக் 1996இல் ஃபீனிக்ஸுக்கும், ஹார்ட்ஃபோர்ட் 1997இல் வட கரோலினாவுக்கும் போயின. எட்மன்டன் மட்டும் நின்றது. வின்னிபெக் மீண்டது: 2011இல் அட்லாண்டாவின் அடுத்த அணியான திராஷர்ஸ் அங்கே வந்தது. பொதுமக்களுக்கென ஒதுக்கிய பருவச்சீட்டுகள் 17 நிமிடங்களில் தீர்ந்தன. 'ஜெட்ஸ்' என்ற பழைய பெயரை ஊர் திரும்பப் பெற்றது. ஆனால் பழைய ஜெட்ஸின் சாதனைக் கணக்கு அரிசோனாவிடமே இருந்தது. வின்னிபெக்கின் புதிய ஜெட்ஸுக்குக் கிடைத்தது அட்லாண்டாவின் கணக்கு. ஓர் ஊரின் பெயரை வேறோர் ஊரின் கடந்தகாலத்தோடு ஒட்டிவைத்தது ஆவணம். ஊரார் அதைப் பொருட்படுத்தவில்லை.

2024இல் அரிசோனாவின் முறை வந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அமரும் அரங்கில் இரண்டு ஆண்டுகள் ஆடிய அந்த அணியின் வீரர்கள், 1.2 பில்லியன் டாலர் பேரத்தில் யூட்டா மாநிலத்துக்கு மாற்றப்பட்டனர். இம்முறை லீக் யூட்டாவைப் புதிய அணியாகவே பதிந்தது. கயோட்டீஸ் என்ற பெயரும் வரலாறும் அரிசோனாவில் விடப்பட்டன. அது உரிமையாளரோடு செய்த உடன்பாடே அன்றி ரசிகருக்குக் காட்டிய கருணை அன்று. ஆயினும் வீரர்கள் வேறு, வரலாறு வேறு என்பதை லீக்கின் ஏடே அன்று ஒப்புக்கொண்டது.

கியூபெக் காத்திருந்தது. 2010 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் ஆபிரகாம் சமவெளியில் நீலச்சட்டை அணிந்து கூடினர். ஏறத்தாழ 370 மில்லியன் கனடிய டாலர் பொதுப்பணத்தில், பதினெண்ணாயிரம் இருக்கைகளோடு, 2015 செப்டம்பரில் புதிய அரங்கு திறந்தது. அணி இல்லாத அரங்கு. விரிவாக்கத்துக்கு லீக் கேட்ட தொகை 500 மில்லியன் அமெரிக்க டாலர். கியூபெக்கும் லாஸ் வேகஸும் விண்ணப்பித்தன. 2016இல் பாலைவன நகரம் தேர்வாயிற்று. பனி நகரின் விண்ணப்பம் தள்ளிவைக்கப்பட்டது. கனடிய டாலர் மீண்டும் 70 சென்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்த ஆண்டு அது.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல், நாட்டு அணியை எவரும் விற்க முடியாது என்பது. ஸ்டான்லி கோப்பை 1993க்குப் பின் கனடிய அணி எதற்கும் கிட்டவில்லை. ஆனாலும் 2025 பிப்ரவரியில் நான்கு நாடுகளின் போட்டியில் கனடா அமெரிக்காவைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வென்றது. வர்த்தக வரிப் பூசல் மூண்டிருந்த அந்நாட்களில் மொன்றியல் அரங்கில் அமெரிக்க நாட்டுப்பண் ஒலித்தபோது கூட்டம் கூச்சலிட்டது. ஊர் அணி போனாலும் நாடு எஞ்சும் என்று அன்று தோன்றியிருக்கும்.

ஆனால் நாட்டின் ஆகுபெயரும் அவ்வளவு உறுதியானதன்று. ஸ்டாஸ்ட்னி செக்கோஸ்லோவாக்கியாவுக்கு ஆடினார். 1984இல் கனடாவுக்கு ஆடினார். 1994 ஒலிம்பிக்கில் புதிதாய்ப் பிறந்த ஸ்லோவாக்கியாவின் கொடியை ஏந்தி வந்தார். கியூபெக் நகரில் பிறந்த அவர் மகன் பால், தந்தையின் 26ஆம் எண்ணை அணிந்து அவலாஞ்சுக்கு ஆடினார். 2010 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக வெள்ளி வென்றார். பன்னாட்டுப் போட்டியும் சந்தைக்கு வெளியே இல்லை. 2018 ஒலிம்பிக்குக்குத் தன் வீரர்களை அனுப்ப லீக் மறுத்தது. 2025இன் நான்கு நாடுகள் போட்டியையோ லீக்கும் வீரர் சங்கமுமே நடத்தின. எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டு அணி எப்போதோ ஒருமுறை கூடும். ஊர் அணி ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாற்பது இரவுகள் ஒரே கூரையின் கீழ் ஒரே மக்களைக் கூட்டும். பொதுப்பெயர் பழகுவது அந்த இரவுகளில்தான். விழாநாளின் ஆரவாரம் அதற்கு ஈடாகாது.

"பால் குடித்தான்" என்ற தொடரில் 'ஐ' உருபு தொக்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதைக் கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்வதால் பொருள் குறைவதில்லை. கியூபெக்கில் நோர்திக் இன்று அப்படித்தான் நிற்கிறது. அது போனபின் பிறந்தவர்களும் அதன் சட்டையை வாங்கி அணிகிறார்கள். உரிமையாளர் விற்றது லீக்கில் ஓர் இடத்தையும் வீரர்களின் ஒப்பந்தங்களையும்; அவை அவருடையவை, விற்க உரிமை உண்டு. 'நாம்' என்று சொல்லும் பழக்கம் அந்த விற்பனைப் பத்திரத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்கு உரியவர்களை எவரும் கேட்கவில்லை என்பதுதான் 1995இன் உண்மையான வழக்கு. அதை விசாரிக்கும் மன்றம் இன்னும் எங்கும் இல்லை.