சன்னலைச் சாத்தியது நான்

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கும் கல்லூரிப் பெண்ணை, கண்ணாடி மணி செய்யக் கற்றுத்தருகிறேன் என்று நான்தான் வலியப் போய் அழைத்தேன். அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்து வந்ததிலிருந்து அவளுக்கு அதில் ஆசை. அவை கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கியவை, நாம் செய்யப்போவது டார்ச் சுடரில் குச்சியை உருக்கிக் கம்பியில் சுற்றுவது என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் இருந்தது. பத்திரமாக இருப்பது எப்படி என்று சொல்ல இரண்டு நிமிடம்கூட நான் ஒதுக்கவில்லை.

புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறை அது. சன்னலைச் சாத்திவிட்டேன். கடற்காற்று பட்டால் சுடர் அலையும், சூடான மணி விரிசல் விடும். சுடர் எரியும் அறையில் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேரும், எக்ஸாஸ்ட் விசிறி இல்லாமல் உட்காரக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மாலையானால் தலை கனக்கும். வெயில் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொள்வேன். சிலிண்டர் மேசைக்கு அடியிலேயே இருந்தது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதுவும் தெரியும்.

என்னிடம் டிடிமியம் கண்ணாடி ஒன்றே ஒன்று இருந்தது. சூடான கண்ணாடியிலிருந்து சோடியம் கக்கும் மஞ்சள் ஒளியை, 589 நானோமீட்டர் அலைநீளத்தில், அது வடிகட்டிவிடும். மணி தெளிவாகத் தெரியும். அதை நான் போட்டுக்கொண்டேன். அவளிடம் என் பழைய கூலிங் கிளாஸைக் கொடுத்தேன். அது எல்லாவற்றையும் இருட்டாக்குமே தவிர அந்த மஞ்சளைத் தனியே நீக்காது. மணி தெரியாமல் அவள் முகத்தைச் சுடருக்கு அருகே கொண்டுபோனாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு அவள் புதுக் குச்சி ஒன்றை எடுத்து நேரே சுடருக்குள் நீட்டினாள். அப்படி நீட்டக் கூடாது. சுடரின் நுனிப்பக்கத்தில் காட்டிக் காட்டி எடுத்து, மெல்லச் சூடேற்ற வேண்டும். நாங்கள் வைத்திருந்த மென்கண்ணாடி, போரோசிலிகேட்டைப் போல மூன்று மடங்கு விரிவது. வெளிப்புறம் விரிய, உள்ளே குளிர்ந்தே இருந்தால் தெறிக்கும். தெறித்தது. ஒரு துண்டு அவள் துப்பட்டாவில் விழுந்தது. பாலியஸ்டர் துப்பட்டா. வாசலில் நுழையும்போதே அதைக் கழற்றச் சொல்லி, ஒரு பருத்திச் சட்டையைக் கொடுத்திருக்க வேண்டும். துணி உருகி முன்கையில் ஒட்டிக்கொண்டது.

நான் அதைப் பிய்த்து இழுத்தேன். தோலும் வந்தது. இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையை வைத்திருக்க வேண்டியவளுக்கு, பதற்றத்தில் பற்பசை பூசினேன். மருத்துவமனையில் புண்ணைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பசையைக் கழுவி எடுத்தார்கள். அவள் கத்தியது வராந்தாவரை கேட்டது. வீட்டில் டார்ச்சை அணைக்காமல் வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்து அணைக்கச் சொன்னேன்.

ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்தது இவற்றை மட்டுமல்ல. அவள் அம்மா ஓடிவந்து, "என்னக்கா ஆச்சு?" என்றார். "மெல்லச் சூடுபண்ணணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அவதான் கவனிக்கல" என்றேன். நான் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு வருடம் சொல்லவில்லை.

இப்போது எக்ஸாஸ்ட் இருக்கிறது. சிலிண்டர் சுவருக்கு வெளியே நிற்கிறது. டிடிமியம் கண்ணாடி நான்கு இருக்கின்றன. அவள் திரும்ப வரவில்லை. முன்கையில் தழும்பு இருக்கிறது. கோயிலில் பார்த்தேன், முழுக்கை போட்டிருந்தாள், வளையல் சரிசெய்யும்போது தெரிந்தது.

இதை எழுதி முடித்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, அந்தக் கட்டோடயே அவள அடிச்சேங்க்கா" என்றார்.