அம்பாள் உடுத்திய பச்சை

மீனாட்சியம்மன் திருக்கோயிலின் கோபுரங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும் தூரத்தில், மதுரை நகரின் பழைய தெருவொன்றில் அந்த அம்மையாரின் இல்லம் உள்ளது. வயது 72. தொடக்கப் பள்ளியில் 33 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

சிறு குழந்தைகளுக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே நிறம் தெரிந்துவிடுகிறது என்பதை அவர் பணிக்காலத்தில் நன்கு உணர்ந்திருந்தார். மஞ்சளோ கிளிப்பச்சையோ உடுத்திச் சென்ற நாள்களில் பிள்ளைகள் தாமாக அருகில் வந்து, முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதை கேட்பர். அடர்ந்த கருநீலம் உடுத்திச் சென்றாலோ, அழைத்தாலன்றி ஒருவரும் மேசையருகே வாரார். முகமும் குரலும் அவையேதாம். மாறியது புடவை மட்டுமே. இதைக் கண்டுகொண்ட பின், பள்ளி திறக்கும் முதல் நாளுக்கென்றே ஒரு மஞ்சள் புடவையைத் தனியே எடுத்து வைத்திருப்பார். தாயைப் பிரிந்து அழுதபடி வரும் புதுப் பிள்ளைகளுக்குத் தம்மால் செய்யக்கூடிய முதல் உபசாரம் அதுவே என்று எண்ணினார். அந்த மஞ்சளை உடுத்தும்போது தமக்குள்ளும் ஒரு தெம்பு ஊறுவதை அவர் அறிவார்.

பதினோராண்டுகளுக்கு முன் அவருடைய கணவர் இறைவன் திருவடி சேர்ந்தார். காரியங்கள் முடிந்த மறுநாள், நிறமுள்ள புடவைகள் பதினான்கையும் மடித்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அவ்வாறு செய்யும்படி யாரும் கட்டளையிடவில்லை. மூத்த நாத்தனார் மட்டும் அருகில் நின்று, "இதுதான் நம் வீட்டு முறை" என்று மெல்லச் சொன்னார். அவரும் இளமையிலேயே கணவரை இழந்து, வெண்மையன்றி வேறொன்றையும் உடுத்தாமல் வாழ்ந்தவர்.

அதன் பின் சந்தனம், சாம்பல், மங்கிய வெள்ளை ஆகியவையே அம்மையாரின் நிறங்களாயின. கோயிலுக்குச் செல்வதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் கூட்டத்தில் தூணோரமாய் நிற்கத் தொடங்கினார். திருவிளக்கு வழிபாட்டில் மற்றவர்களுக்குக் குங்குமம் வழங்கும் நேரம் வந்தால், பிறர் தயங்குமுன் தாமே விலகிக்கொள்வார். புடவையின் நிறம் குறைந்ததோடு பேச்சும் குறைந்தது. முன்னர் வழியில் நிறுத்திப் பேசியவர்கள், அவர் துயரத்தில் இருக்கிறார் என்று கருதி, தலையசைத்துவிட்டுக் கடந்து சென்றனர். துயரம் ஓரளவு ஆறிய பின்னும் புடவை அதை அறிவித்துக்கொண்டே இருந்தது.

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒருநாள், ஐந்து வயதுப் பேத்தி பழைய புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிப் பிள்ளைகளின் நடுவே மஞ்சள் புடவையில் சிரித்துக்கொண்டிருந்த பாட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பாட்டி, உங்களுக்கு எப்போ உடம்பு சரியாகும்?"

"எனக்கு ஒன்றும் இல்லையே, கண்ணு."

"அப்புறம் ஏன் எப்பவும் ஆஸ்பத்திரிப் போர்வை மாதிரியே புடவை கட்டுறீங்க?"

வீட்டிலிருந்தோர் சிரித்தனர். அம்மையாரும் சிரித்தார். ஆனால் அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளைகள் அஞ்சாதிருப்பதற்காக நிறம் தேடி உடுத்திய தம்மை, தம் பேத்தியே பதினோராண்டு நோயாளியாக எண்ணியிருக்கிறாளே என்ற நினைவு அவரை வருத்தியது.

நிறம் மனத்தைத் தொடும் என்பதை நம் திருக்கோயில்கள் நெடுங்காலமாக அறிந்து போற்றி வருகின்றன. திருச்செந்தூரில் ஆவணி, மாசித் திருவிழாக்களின் ஏழாம் நாள் மாலையில் சண்முகப் பெருமான் செம்பட்டும் செம்மலரும் சூடிச் சிவப்பு சாத்தியில் எழுந்தருள்கிறார். எட்டாம் நாள் அதிகாலையில் வெள்ளை சாத்தி. நண்பகலில் பச்சை சாத்தி. சிவன், பிரமன், திருமால் ஆகிய மூவரின் அம்சமாகவும் முருகனே விளங்குகிறான் என்பதை நிறங்களே அடியார்க்கு உணர்த்திவிடுகின்றன. காஞ்சிபுரத்தில் 40 ஆண்டுகளுக்குப் பின் 2019-இல் அத்திவரதர் 48 நாள்கள் காட்சி தந்தபோதும், நாள்தோறும் வெவ்வேறு நிறப் பட்டுகளில் அவரைத் தரிசித்தோம். "இன்று என்ன பட்டு?" என்று வீடுதோறும் கேட்டுக்கொண்டது பலருக்கும் நினைவிருக்கும். திருமாலுக்குப் பீதாம்பரம், லலிதாம்பிகைக்குச் செவ்வாடை, கலைமகளுக்கு வெள்ளாடை. நிறங்களைக் கடந்த பரம்பொருளுக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை. காணும் நம் உள்ளம் கனிவதற்காகவே அவன் நிறம் ஏற்கிறான்.

உடுத்துபவரிடத்தும் நிறம் வேலை செய்கிறது. கார்த்திகையில் மாலையணிந்து கருப்போ நீலமோ உடுத்தும் ஐயப்ப பக்தரைப் பாருங்கள். முதல் நாள்வரை வீட்டில் குரலுயர்த்திப் பேசியவர், 41 நாள் விரதத்தில் தணிந்து பேசுகிறார். தெருவில் அனைவரும் அவரைச் "சாமி" என்று அழைக்கின்றனர். அவ்வாறு அழைக்கப்பட்டவர் சினம் கொள்ளத் தயங்குகிறார். இவ்வாறு பிறர் காட்டும் மரியாதையே விரதத்துக்குக் காவலாகிறது.

இதில் ஆபத்தும் உண்டு. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றை நாம் அறிவோம். போரில் வெல்ல இயலாத முத்தநாதன், திருநீறு பூசிச் சிவனடியார் கோலத்தில் வந்து அவரைக் குத்தினான். வேடத்தின் உள்ளே பகைவன் இருப்பதை உணர்ந்த பின்னும், அந்த வேடத்துக்குரிய மதிப்பை நாயனார் குறைக்கவில்லை. அவனைத் தீங்கின்றி ஊரெல்லை கடத்தி விடுமாறு தத்தனைப் பணித்தார். தோற்றம் காண்பவரை எவ்வளவு ஆட்கொள்ளும் என்பதற்கும், அதை உடுத்துபவருக்கு எத்தகைய பொறுப்பு உண்டு என்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஒரு நிறத்துக்கு எங்கும் ஒரே பொருள் என்றும் கூறிவிட முடியாது. வெண்மையைத் துக்கத்தின் நிறமாக நம் பக்கத்தில் பல குடும்பங்கள் கொண்டன. அண்டையிலுள்ள கேரளத்திலோ, பொற்கரையிட்ட வெண்புடவையே ஓணத்துக்கும் திருமணத்துக்கும் உரிய மங்கல ஆடை. மேலைநாடுகளில் மணப்பெண்ணே வெள்ளை உடுத்துகிறாள். மருத்துவமனை அறுவை அரங்குகளில் ஒரு காலத்தில் எல்லாம் வெள்ளையாக இருந்தன. கடும் விளக்கொளியில் வெண்மை கண்ணைக் கூசச் செய்ததாலும், குருதிச் சிவப்பையே நோக்கிக் களைத்த கண்களுக்குப் பச்சை இதமளித்ததாலும், 20-ஆம் நூற்றாண்டில் பச்சைக்கும் நீலத்துக்கும் மாறினர். நிறத்தின் பொருள் பெரும்பாலும் பழகிய மனத்தைப் பொறுத்தது. சாயத்தில் மங்கலமும் இல்லை, அமங்கலமும் இல்லை.

இவையெல்லாம் ஓரளவு அம்மையார் அறிந்தவையே. ஆயினும் அறிந்த ஒன்றைச் செய்வதற்குத் துணை ஒன்று வேண்டியிருந்தது.

அவருடைய தெருக்கோடியில் சிறியதோர் அம்மன் கோயில் உண்டு. ஆண்டுதோறும் பங்குனி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் அம்பாளுக்குப் புடவை சாத்துவது அவர் வழக்கம். தமக்கு நிறம் வேண்டாம் என்றவர், அம்பாளுக்கு மட்டும் கடை கடையாய் ஏறி இறங்கி நிறம் தேடுவார். சென்ற பங்குனியில் அவர் எடுத்தது அரக்குக் கரையிட்ட இலைப்பச்சை. அம்பாள் அதை உடுத்திக் காட்சி தந்த மறுவாரம், முதிய குருக்கள் அந்தப் புடவையைத் தட்டில் வைத்து, பூவும் குங்குமமும் சேர்த்து அவரிடமே நீட்டினார்.

"பிரசாதமாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா."

"வைத்துக்கொள்கிறேன், சுவாமி. என் மருமகள் உடுத்திக்கொள்ளட்டும்."

"உங்களுக்குத்தான் கொடுக்கிறேன்."

"நான் உடுத்தலாமா?"

குருக்கள் சற்று நேரம் அவரைப் பார்த்தார். "அம்பாள் உடுத்திக் களைந்தது, அம்மா. அதை உடுத்த உங்களுக்குத் தகுதி இல்லையென்று நான் எப்படிச் சொல்வேன்?" என்று கூறிவிட்டு, அடுத்தவரின் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார்.

புடவை வீட்டுப் பூசையறையில் இருபது நாள்கள் இருந்தது. செய்தி அறிந்த நாத்தனார் தொலைபேசியில், "பிரசாதம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வை. உடுத்தினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றார். அம்மையார் மறுத்துப் பேசவில்லை. நாத்தனாரின் சொல்லில் தீமை இல்லை என்பதும், ஐம்பதாண்டுகளாகத் தாம் சுமந்ததை இன்னொருவர் எளிதில் இறக்கிவைப்பதைக் காணும் வலியே அதில் இருந்தது என்பதும் அவருக்குப் புரிந்தது.

சித்திரைத் திருவிழா வந்தது. வைகையில் எழுந்தருளும் கள்ளழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருவார் என்று மதுரையே எதிர்பார்த்திருக்கும் நாள்கள் அவை. பெட்டியிலிருந்து பட்டர் எடுக்கும் பட்டையே பெருமானுக்குச் சாத்துவர் என்பது மக்களிடையே வழங்கும் செய்தி. பச்சை உடுத்தி வந்தால் மழை பொழிந்து நாடு செழிக்கும் என்பது உழவரின் நம்பிக்கை. சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள் மாலை அம்மையார் தல்லாகுளத்துக்கு எதிர்சேவை காணச் சென்றார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலையை அழகர் அங்கே ஏற்றுக்கொள்வார் என்று, முன் நின்ற ஒரு முதியவர் தம் பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்ட செய்திதான். ஆயினும் அன்று அது அம்மையாரின் நெஞ்சில் புதிதாய் விழுந்தது. பக்தை சூடிக் களைந்த மாலையைப் பெருமான் தயங்காமல் சூடுகிறான். அம்பாள் உடுத்திக் களைந்த புடவையை ஏற்க அவள் மகள் இருபது நாளாகத் தயங்குகிறாளே!

மறுநாள் விடியலுக்கு முன் நீராடி, திருநீறு அணிந்து, அந்தப் பச்சைப் புடவையை உடுத்தினார். கண்ணாடியில் தம்மைக் கண்டபோது கூச்சம் வந்தது. கூடவே பள்ளி திறக்கும் நாளின் பழைய தெம்பும் வந்தது. வைகைக் கரையின் பெருங்கூட்டத்தில் தங்கக் குதிரை தெரிந்தபோது, "பச்சைப் பட்டு! பச்சைப் பட்டு!" என்ற குரல்கள் எழுந்தன. பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத பெண்ணொருத்தி அவர் கையைப் பற்றிக்கொண்டு, "அம்மா, அழகரும் பச்சை, நீங்களும் பச்சை. இந்த வருஷம் நல்ல மழைதான்!" என்று சிரித்தாள். யாரென்றே அறியாத ஒருவர் தம்மைத் தொட்டுப் பேசி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று அம்மையார் எண்ணிப் பார்த்தார்.

வீடு திரும்பியதும் பேத்தி ஓடிவந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "உடம்பு சரியாயிடுச்சா, பாட்டி?" என்று கேட்டவள், விடைக்குக் காத்திராமல் கதை சொல்லும்படி நச்சரித்தாள்.

ஆடை மனத்தைத் தூய்மையாக்கிவிடாது. அதற்கு வழிபாடும் நல்லொழுக்கமும் வேண்டும். ஆனால் நம்மைக் காண்பவர் உள்ளத்தில் முதலில் நுழைவது நாம் உடுத்திய நிறமே. விரும்பி ஏற்ற வெண்மை தவக்கோலம், அதை வணங்குவோம். விருப்பமின்றிச் சுமக்கும் வெண்மை நம் வீட்டில் யாரிடமேனும் இருந்தால், அதை மாற்றிக்கொள்ள அவருக்குத் துணை நிற்போம். அடுத்த விசேஷத்துக்குப் புடவை எடுக்கும்போது, அவருக்கும் பிடித்த நிறம் எது என்று கேட்பது போதும்.

அன்று மாலை நாத்தனார் விழா பார்க்க வந்தவர், வழியில் இந்த வீட்டுக்கும் வந்தார். அம்மையார் புடவையை மாற்றாமல் அவர் எதிரே சென்று நின்றார். நாத்தனார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் அருகில் வந்து, பச்சை முந்தானையின் ஓரத்தை இரு கைகளாலும் எடுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"அம்பாளுக்கு நாளைக்குப் பூ வாங்கிக் கொடுக்கலாமா? என்னையும் அந்தக் கோயிலுக்கு அழைத்துப் போ" என்றார்.