உகந்தைக்கு அப்பால்

சிநேகிதிகளே, உங்கள் வாழ்க்கையில் நீங்கள் போன ஆகத் தூரமான இடம் எது?

எமது சிறுசேமிப்புக் குழுவின் மாதக் கூட்டத்தில் ஒருநாள் இந்தக் கேள்வி எழுந்தது. ஒருவர் பூசா முகாம் என்றார். இன்னொருவர் கொழும்பு என்றார். ஆணைக்குழுவுக்குச் சாட்சி சொல்ல இரண்டு தரம் போயிருக்கிறார். வவுனியா, களுத்துறைச் சிறை, 1990 இல் பிள்ளைகளோடு நடந்தே போன காடு, நேர்த்திக்காகப் போன கதிர்காமம் என்று ஒவ்வொன்றாக வந்தன. சும்மா பார்ப்பதற்கென்று போன இடம் என்று ஒருவராவது ஒன்றைச் சொல்லவில்லை. அன்றைக்கே மாதம் 200 ரூபா வீதம் தனியாகச் சேர்ப்பது என்று தீர்மானித்தோம். போவதற்கு நாம் தெரிவு செய்த இடம் குமண. எமது பழையவர்கள் கூமுனை என்று சொல்லும், உகந்தைக்கு அப்பால் உள்ள பறவைகளின் காடு.

"காடு பார்க்கவா? நாங்க காட்டுக்குள்ள ஒளிச்சுக் கிடந்தது போதாதாகா?" என்று ஒரு மச்சாள் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்களிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை. ஆனாலும் அவர்தான் முதலில் பணம் கட்டி முடித்தார்.

வீட்டில் ஆண்கள் உள்ளவர்கள்தான் அனுமதி கேட்கவேண்டி இருந்தது. எங்களில் பாதிப்பேருக்கு அந்தக் கரைச்சலும் இல்லை. வளர்ந்த மகன்மார் மட்டும் "ஏன் அம்மா, அங்க என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

யூன் மாதத்தில் ஒரு விடியற்காலை மூன்று மணிக்கு மட்டக்களப்பில் இருந்து வானில் புறப்பட்டோம். 11 பேர். கல்லடிப் பாலம், களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று பொத்துவில் வரை கடலை ஒட்டிய வீதி 100 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். முன்பு இந்த வழியில் எத்தனை இடத்தில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நடந்து, மறுகா ஏறியிருப்போம்! இப்போது வான் நிற்காமல் ஓடியது. அப்படியிருந்தும் பழைய சோதனைச் சாவடி இருந்த ஓரிடம் வந்தபோது முன் ஆசனத்தில் இருந்த அக்கா தன்னை அறியாமலே கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைக் கையில் எடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அறுகம்பையில் விடிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய புதிய பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். அலையில் பலகை விட வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் அந்த நேரமே கரையில் நடமாடினார்கள். பிளேன்ரீ குடித்துவிட்டுப் பாணமைக்குப் போனோம்.

பாணமை பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். அது சிங்களவரும் தமிழரும் பல தலைமுறைகளாகக் கலியாணம் முடித்துக் கலந்து வாழும் ஊர். அங்கே பத்தினி தெய்வத்துக்குக் கோயில் இருக்கிறது. அவர் வேறு யாருமல்ல, எங்கள் கண்ணகி அம்மன்தான். எமது ஊர்களில் கொம்புமுறி விளையாட்டு நடப்பது போல அங்கே 'அங்கெலிய' என்று கொம்பிழுப்பு நடக்கும். வீதியோரத்தில் வெள்ளரிப்பழம் விற்ற ஒரு அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "மட்டக்களப்பா புள்ள?" என்று எங்கள் ஊர்த் தமிழிலேயே கேட்டார். அவரின் அம்மா தமிழ், அப்பா சிங்களம் என்றார்.

அந்த ஊர் மக்களும் நிலத்துக்காக அலைந்தவர்கள்தான். 2010 யூலையில், யுத்தம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, ராகம்வெல, சாஸ்திரவெல போன்ற கரையோரக் கிராமங்களில் இருந்த சுமார் 350 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஆயுதத்தோடு இரவில் வந்தவர்கள் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். அதன்பின் அந்த நிலம் படையினரின் கைக்குப் போனது. ஒரு பகுதியில் கடற்படை சுற்றுலா விடுதி அமைத்தது. 2015 இல் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை தீர்மானித்தும் காரியம் நடக்காதபடியால், 2016 இல் ராகம்வெல மக்கள் சிலர் தாங்களாகவே போய்க் குடியேறினார்கள். அந்தப் போராட்டத்தில் பெண்கள் முன்னுக்கு நின்றார்கள். இவையெல்லாம் எமக்கு முன்பே கூட்டங்களில் கேட்டுத் தெரியும். ஆனால் அந்த அம்மாவிடம் வெள்ளரிப்பழம் வாங்கிக்கொண்டு நின்றபோது, அழகான கடற்கரை என்றால் அதில் குடியிருந்தவர் யார் என்றும் கேட்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. அவர் காசு வாங்க மறுத்தார். நாம் விடவில்லை.

பாணமைக்குப் பிறகு கடை இல்லை, பெற்றோல் இல்லை. சோறு கட்டிக்கொண்டு, தண்ணீரும் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு போங்கள். காட்டுக்கு நடுவே போகும் வீதி அது. இடைக்கிடை வயல்வெளி, குளம், யானைப் பிட்டி. வலப்பக்கம் குடும்பிகல மலைப்பாறைகள் தெரியும். பழைய காலத் துறவிகள் இருந்த குகைகள் அங்கே உண்டு. சுமார் 15 கிலோமீற்றர் போனதும் உகந்தை.

உகந்தைமலை முருகனைப் பலரும் அறிவீர்கள். அடிவாரத்தில் முருகன், மலையில் வள்ளியம்மன், பாறையில் மழைநீர் தேங்கும் சுனைகள். கடலோரத்தில் கிடக்கும் பாறையைக் காட்டி, முருகன் வந்த தோணி கல்லானது என்று சொல்வார்கள். மலை ஏறி நின்றோம். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல், இரண்டுக்கும் இடையில் ஒரு வீடும் இல்லை. அந்தக் காற்றில் கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை. மூட்டுவலிக்காரர் இருவர் கீழேயே இருந்து கோயில் கிணற்றில் முகம் கழுவினார்கள்.

கோயிலுக்குப் பக்கத்தில்தான் பூங்காவின் வாசல். வனஜீவராசிகள் திணைக்களத்தில் ரிக்கற் எடுத்து, பேசி வைத்திருந்த இரண்டு ஜீப்களில் ஏறினோம். மலசலகூடம் போகவேண்டியவர்கள் இங்கேயே போய்விடுங்கள். உள்ளே நினைத்த இடத்தில் இறங்க விடமாட்டார்கள்.

குமண 1938 இல் பறவைகள் சரணாலயமானது. பின்பு யால கிழக்கு என்ற பெயரில் தேசிய பூங்காவாகியது. 1985 இல் யுத்தத்தால் மூடப்பட்டது, 2003 இல்தான் மறுபடி திறந்தார்கள். அடுத்த வருடமே சுனாமி. குமண என்ற பெயரை 2006 இல் வைத்தார்கள். முன்பு இதற்குள்ளே அதே பெயரில் ஒரு கிராமமும் இருந்தது. இன்று அங்கே குடியிருப்பு இல்லை.

வழியில் மான், மயில், எருமை, சேற்றுக்குள் கட்டை போலக் கிடந்த முதலை எல்லாம் கண்டோம். தூரத்தில் ஒற்றை யானை. புலி காணக் கிடைக்கவில்லை. எனக்கு அதில் கவலையும் இல்லை.

பார்க்கவேண்டியது குமண வில்லு. ஏறக்குறைய 200 ஹெக்ரெயர் பரந்த சதுப்பு. அது நிரம்பும் விதம் எங்கள் பெண்களுக்கு உடனே விளங்கியது. கும்புக்கன் ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். அப்போது ஆற்றுநீர் ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றால் வில்லுக்குள் ஏறும். "நம்மட ஆத்துவாய் அடைக்கிற மாதிரித்தான்" என்றார் மீன் வியாபாரம் செய்யும் அக்கா. தண்ணீருக்குள் நிற்பவை கிண்ணை மரங்கள். சிங்களத்தில் கிரல என்பார்கள். அந்த மரங்களின் தலையெல்லாம் கூடுகள். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கொக்கு. மே முதல் யூலை வரை குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால், பத்துச் சந்தை ஒன்றாகக் கூடியது போன்ற சத்தம். நாற்றமும்தான்! ஒரு தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போனது.

பறவைகள் யுத்த காலத்திலும் வந்தனவா என்று ஒருவர் கேட்டார். "அதுகளுக்கு எந்த கேட் அம்மா?" என்றார் வழிகாட்டித் தம்பி, உடைந்த தமிழில்.

பிறகு கும்புக்கன் ஆற்றங்கரை. கரை முழுதும் பெரிய மருத மரங்கள், குளிர்ந்த நிழல். ஆடியில் கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் வாகூரவெட்டை கடந்து வந்து, இந்த ஆற்றைத் தாண்டித்தான் நாவலடி, வியாழை என்று போவார்கள். நாம் தண்ணீரில் இறங்கவில்லை, முதலை உண்டு. 1990 இல் கணவரைப் பறிகொடுத்த அக்கா ஒரு வேரில் இருந்துகொண்டு சொன்னார்: "எங்க போனாலும் திரும்பி வரக்குள்ள கையில ஒரு கடுதாசி இருக்கும் புள்ள. இண்டைக்கு வெறுங்கை." அவர் அழவில்லை. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை எல்லோருக்கும் பங்கிட்டார்.

வீடு வந்து சேர இரவு பத்து மணி தாண்டிவிட்டது. அடுத்த பயணத்துக்கும் 200 ரூபா கட்டத் தொடங்கிவிட்டோம். சிலர் நிலாவெளிப் புறாமலை என்கிறார்கள். காடு போதாதா என்று கேட்ட மச்சாள் மட்டும், ஆடியில் அந்த ஆற்றைத் தாண்டி நடக்கவேண்டும் என்று நிற்கிறார். தினமும் விடிய எழும்பி வாவிக்கரையால் நடந்து பழகுகிறாராம்.