பதில் போடாத கடிதம்

எங்கள் சாத்தூரில் வைப்பாற்றுக்குத் தண்ணீர் வருவது மழையின் இஷ்டம், மணல்தான் நிரந்தரம். “இங்கே கடல் நாளுக்கு இரண்டு தடவை வந்து போகிறது, வந்து பார்” என்று பாவ்நகரிலிருந்து அண்ணன் எழுதியிருந்தார். வீட்டுப் பாகத்தகராறில் நாங்கள் பேசாமலிருந்த காலம் அது. நான் பதில் போடவில்லை.

போனது அவருடைய அஸ்தியைக் கரைக்கத்தான். பக்கத்துக் கோலியாக் கிராமத்தில் கடலுக்குள் நிஷ்களங்க மகாதேவர், ஐந்து லிங்கங்கள். காம்பே வளைகுடா உள்ளே போகப் போகக் குறுகுவதால், பௌர்ணமி, அமாவாசைகளில் நீர் 30 அடிக்கு மேல் ஏறுமாம். அப்போது கொடிமரம் மட்டுந்தான் தெரியும். வற்றினால் நடந்தே போகலாம்.

சேற்றில் நடந்துபோய்க் கரைத்தேன். கால் நகரவில்லை.

“தண்ணி திரும்புது தம்பி, வாங்க” என்றாள் மதினி.

கரையேறித் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் நடந்த தடம் இல்லை.