காலைத் தகராறு

"சார், இன்னிக்கு வண்டிய எடுத்துட்டீங்களா?"

"ஆமா பாய். அரை மணி நேரம் மல்லுக்கட்டி இப்பதான் ஸ்டார்ட் ஆச்சு. நீங்க வர்ற வரைக்கும் ஓடட்டும்னு விட்டிருக்கேன்."

"அப்ப நாளைக்கு வர்றேன் சார்."

மெக்கானிக் தன் டிவிஎஸ் 50-ஐத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. வாசலில் நின்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு முகம் சுண்டிவிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு திருச்சியை விட்டு ஊட்டிக்குக் குடிவந்தவர் அவர். இருபது வருஷம் கூடவே இருந்த பிரீமியர் பத்மினியையும் மலையேற்றிக் கொண்டுவந்திருந்தார். டிசம்பர் பிறந்ததிலிருந்து அது காலையில் படுத்தும் பாடு தெருவுக்கே தெரியும்.

மெக்கானிக் திரும்பிப் போனதில் திமிர் ஒன்றும் இல்லை. குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் சோதிக்க முடியும். ஒருமுறை எஞ்சின் ஓடிச் சூடேறிவிட்டால் குற்றம் நடந்த இடத்தைக் கழுவிவிட்ட மாதிரிதான். தடயம் மறுபடி கிடைக்க அடுத்த நாள் விடியவேண்டும். பகலில் எத்தனை முறை சாவியைத் திருகினாலும் அந்த வண்டி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சமர்த்தாக எழுந்து நிற்கும். பல ஒர்க்‌ஷாப்புகளில் இது நடப்பதைப் பார்க்கலாம்: பதினோரு மணிக்கு வண்டி போகும், "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள், இருந்தாலும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டி பில் போட்டுவிடுவார்கள். கார்புரேட்டர் கைக்கு எட்டும் இடத்தில், மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் அது செய்த பாவம்.

மறுநாள் ஆறு மணி. புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. மெக்கானிக் முதலில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஏர் கிளீனர் மூடியைக் கழற்றிவிட்டு, டார்ச்சைக் கார்புரேட்டரின் வாய்க்குள் அடித்தபடி, திராட்டில் லீவரைக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே ஊசி நூல் போலப் பெட்ரோல் பீச்சியது. "பெட்ரோல் இருக்கு சார்." ஒரு தட்டில் டேங்க், பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்ப், குழாய், ஃப்ளோட் கிண்ணம் வரைக்கும் பாதி வழக்கு தள்ளுபடி. அங்கே பீச்சாமல் வறண்டு கிடந்திருந்தால் கதை வேறு. பத்து நாள் நிறுத்திவைத்த வண்டியில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். எஞ்சின் சுற்றச் சுற்றத்தான் பம்ப் இழுத்து நிரப்பும். பம்ப்பின் ரப்பர் டயஃப்ரம் பழசாகியிருந்தால் அதுவும் நடக்காது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்ட பிறகு, அதை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர்களைப் பற்றி மெக்கானிக்குகள் கூடுதலாகவே கவலைப்படுகிறார்கள். எத்தனாலுக்குக் குளிரில் ஆவியாக மனசே வராது. பிரேசிலில் 1979-இல் எத்தனாலிலேயே ஓடும் ஃபியட் 147 வந்தது. அந்த நாட்டு எத்தனால் கார்களில், குளிர்ந்த காலையில் கிளப்புவதற்கென்றே பெட்ரோல் நிரப்பிய குட்டி டேங்க் ஒன்றைத் தனியாக வைத்திருந்தார்கள்.

அடுத்தது செல்ஃப். சாவியைத் திருகியதும் எஞ்சின் சுற்றியது, ஆனால் மாவாட்டும் கல் மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றியது. குளிரில் ஆயில் கெட்டிப்படும், பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும். தேவை கூடும்போதே கையிருப்பு குறைகிறது. மீட்டரில் செல்ஃப் சுற்றும்போது எட்டரை வோல்ட்தான் காட்டியது. பாயின்ட் வைத்த வண்டியில் காயிலுக்கும் அதே பேட்டரிதான் சோறு போடவேண்டும். செல்ஃப் முக்கால்வாசியைத் தின்றுவிட்டால் பொறிக்கு மிச்சம் ஏது? பேட்டரி முனையில் வெளிறிய பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவி, எர்த் பட்டையின் துருவைச் சுரண்டினார்.

பிளக்குகளைக் கழற்றினார். நாலும் அடுப்படிச் சட்டி மாதிரி கருப்பு.

இந்தக் கருப்புக்குக் காரணம் மலை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சென்சார் அதைக் கண்டுகொண்டு பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தக் கண் கிடையாது. பெட்ரோல் வரும் ஜெட்டில் இருப்பது ஒரு துளை, திருச்சிக்கு அளந்து போட்ட துளை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற கணக்கு மலையில் குலைந்து, பெட்ரோல் மிஞ்சுகிறது, கரி படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பொறி இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதிலாகக் கரி வழியாகவே நழுவி இறங்கிவிடும். சூடான எஞ்சினில் இதைச் சமாளித்துக்கொள்ளலாம், எட்டரை வோல்ட்டில் முடியாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இடைவெளியை அளந்து மாட்டினார். வண்டி கிளம்பியது. ஆனால் கிளம்பிய விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. "இன்னும் ஏதோ இருக்கு சார். நாளைக்குப் பாக்கலாம்."

தலைமையாசிரியருக்கு அன்றைக்குத்தான் மெக்கானிக்கின் முறை பிடிபட்டது. முப்பது வருஷம் பரீட்சை நடத்தியவர், ஒரு நாளைக்கு ஒரு தாள் என்பது புரியாதா?

மூன்றாம் நாள் தாள், சோக். பெட்ரோல் ஒற்றைப் பொருள் கிடையாது. சுமார் 35 டிகிரியில் கொதிப்பதிலிருந்து 200 டிகிரியில் கொதிப்பது வரை பல திரவங்களின் கலவை. சில்லிட்ட எஞ்சினுக்குள் லேசான பகுதி மட்டும் ஆவியாகும், மற்றதெல்லாம் குழாயின் சுவரில் துளித்துளியாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். துளி எரியாது, ஆவிதான் எரியும். அதனால் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோலைக் கொட்டினால்தான் எரியும் அளவுக்கு ஆவி தேறும். அதற்குத்தான் சோக். மாருதி 800 போன்றவற்றில் ஒரு தகடு காற்று வழியை அடைக்கும். இந்தப் பத்மினியில் இருந்த சோலெக்ஸ் கார்புரேட்டரில் தகடு இல்லை, ஸ்டார்ட் செய்வதற்கென்றே தனியாக ஒரு குட்டி வழி உண்டு. குமிழை இழுத்தால் அந்த வழி திறக்கும்.

முந்தின நாளே குமிழை இழுத்துப் பார்த்திருந்தார் மெக்கானிக். வழுக்கிக்கொண்டு வந்தது. இன்று, "நீங்க இழுங்க சார்" என்று சொல்லிவிட்டு, டார்ச்சோடு கார்புரேட்டரின் பக்கவாட்டில் குனிந்தார். தலைமையாசிரியர் இழுத்தார். குமிழ் இரண்டு அங்குலம் வெளியே வந்தது. கம்பியும் வந்தது. லீவர் அசையவில்லை. கம்பியைப் பிடித்திருக்கவேண்டிய கடலைப்பருப்பு அளவு ஸ்க்ரூ தளர்ந்திருந்தது, அதன் ஓட்டைக்குள் கம்பி மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. லீவரின் மேல் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து தோல் மாதிரி படிந்திருந்ததைப் பார்த்தால், அது அசைந்து வருஷக்கணக்கு இருக்கும்.

"குமிழ் வந்துச்சு, நம்பிட்டேன்" என்றார் மெக்கானிக், தன்னையே திட்டிக்கொள்வது மாதிரி.

எத்தனை வருஷமாக? யாருக்கும் தெரியாது, தெரிய வழியும் இல்லை. திருச்சியில் மார்கழி விடியலிலும் குளிர் என்பது பேச்சுக்குத்தான், அங்கே ஓடும் வண்டிக்குச் சோக் தேவைப்படும் நாள் அரிது. ஊர் மாறிய பிறகுதான் ஊனம் வெளிப்பட்டது. இப்படிப்பட்ட வண்டிகள் சமவெளியில் எத்தனையோ இருந்திருக்கும். இப்போது அந்த வண்டிகளே அருகிவிட்டன. 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது கார்களில் கார்புரேட்டர் ஒழியத் தொடங்கியது. மும்பையில் 2003 அக்டோபரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சி, இருபது வருஷ வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் தெருவை விட்டுப் போனது. ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துத் துளை வழியாகப் பார்க்கும் கண்களும் அதோடு சேர்ந்து குறைந்துவருகின்றன.

ஸ்க்ரூவை முடுக்கி, லீவருக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வெற்றிக்களையோடு மெக்கானிக் போனார். நாலாம் நாள் காலை ஆறே காலுக்குத் தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்தது.

"பாய், எடுக்கல."

வந்தவர் பானட் பக்கமே போகவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எப்பவும் எடுக்கிற மாதிரி எடுங்க சார்." சோக்கை இழுத்த தலைமையாசிரியர், சாவியைத் திருகுவதற்கு முன் ஆக்சிலேட்டரை ஏழெட்டு மிதி மிதித்தார். செல்ஃப் சுற்றும்போதும் மிதித்துக்கொண்டே இருந்தார். சோக் வேலை செய்யாத இத்தனை வருஷமும் எப்போதாவது வந்த குளிரை அந்தக் கால்தான் சமாளித்து வந்திருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீச்சல் பெட்ரோல் உள்ளே போகும். இப்போது சோக்கும் சேர்ந்து ஊற்ற, பிளக்குகள் நனைந்துபோயின. போதாததற்கு இந்த வகை சோலெக்ஸில் திராட்டில் மூடியிருந்தால்தான் ஸ்டார்ட் வழிக்கு உறிஞ்சல் கிடைக்கும். மிதித்தால் அந்த உறிஞ்சல் செத்துவிடும். நனைக்கும் வேலையைக் கால் செய்தது, கிளப்பும் வேலையையும் அதுவே கெடுத்தது. வாசல் முழுக்கப் பெட்ரோல் வாடை.

"காலை எடுங்க சார்."

"காலையிலதானே பாய் எடுக்கறேன்?"

"அந்தக் காலை இல்ல சார், இந்தக் காலை."

ஓவராகிப் போன எஞ்சினைத் தெளியவைக்க அன்றைக்கு நேர்மாறான வைத்தியம். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை ஒரே அழுத்தாகத் தரையோடு அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு செல்ஃப் போடவேண்டும். காற்று புகுந்து மிச்சப் பெட்ரோலை அடித்துக்கொண்டு போகும். நாலாவது சுற்றில் கரும்புகையை உமிழ்ந்துகொண்டு எழுந்தது. மெக்கானிக் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

ஐந்தாம் நாள் வாசலில் பால்காரரும் நின்றார். தலைமையாசிரியர் கையால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துச் சரிபார்த்தார். சோக்கை இழுத்தார். பழகிய கால் தானாக ஆக்சிலேட்டரைத் தேடிப் போனது. செருப்பைக் கழற்றினார், வலது காலைத் தூக்கி சீட்டின் மேல் மடித்து, அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சாவியைத் திருகினார்.