ஞாயிற்றுக்கிழமைதான் ஜாக்கிரதை!

கிட்னி செயலிழந்துவிட்டது என்றதும் வீட்டில் எல்லாப் பேச்சும் கிட்னியைச் சுற்றியே இருக்கும். கிரியாட்டினின் எவ்வளவு, மாற்று கிட்னி கிடைக்குமா, டயாலிசிஸ் செலவுக்கு என்ன வழி... ஆனால், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதயக் கோளாறுதான். சொன்னால், ‘அவருக்கு நெஞ்சுவலியே வந்ததில்லையே’ என்பார்கள்.

ஆரோக்கியமான கிட்னி வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. டயாலிசிஸ் மெஷினோ வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம்தான். சிறுநீர் பிரியாதவருக்கு, குடித்த 1 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 1 கிலோ எடையாக உடம்பிலேயே நிற்கும். அந்தச் சுமையையும் சேர்த்து இழுப்பது இதயம். பிரஷர் ஏறி, இதயத்தின் சுவர் தடிக்கிறது. வெளியேறாத பாஸ்பரஸ், கால்சியத்துடன் சேர்ந்து ரத்தக்குழாய்களில் சுண்ணாம்புபோலப் படிகிறது. மூன்று, நான்கு கிலோ ஏறி வந்தவரிடம் அத்தனை நீரையும் 4 மணி நேரத்தில் எடுத்தால், பிரஷர் சட்டென்று இறங்கி, இதயத்துக்குப் போகும் ரத்தமும் குறையும்.

வாரம் மூன்று முறை செய்பவர்களுக்கும் ஓரிடத்தில் இரண்டு நாள் இடைவெளி விழும். அந்த இடைவெளி முடியும் நாளில்தான் மரணங்கள் அதிகம் என்று 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பெரும்பாலும் அந்த இரண்டு நாளில்தான் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்ளும். கறிக்குழம்பு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் அன்றைக்குத்தான். பார்க்க வரும் உறவினர் ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருவார். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் கூடினால், வலியே இல்லாமல் இதயத் துடிப்பு தடம்புரண்டு நின்றுவிடலாம்.

இதையெல்லாம் தடுக்கும் வேலை பெரும்பாலும் மனைவியின் தலையில்தான் விழுகிறது. “என்னங்க, இன்னைக்கு அளவு முடிஞ்சுபோச்சு” என்று சொல்லி, “ஒரு வாய் தண்ணிக்குக்கூட கணக்கா?” என்று திட்டும் வாங்குகிறார். விருந்தாளி முன்னால் இளநீரை எடுத்து உள்ளே வைக்கும்போது கல்நெஞ்சக்காரி என்ற பெயர்கூட வருகிறது.

தாகத்தை அடக்கச் சொல்வதைவிட உப்பைக் குறைப்பது சுலபம். உப்பு குறைந்தால் தாகம் தானாகவே குறையும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை மட்டும் வாங்கிவிடக் கூடாது. அதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் சேர்க்கிறார்கள். காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவைப்பது நல்லது.

சர்க்கரை நோயும் இருந்தால் மாரடைப்பே வலியில்லாமல் வரலாம். படுத்தால் மூச்சு முட்டுவது, திடீரென்று கை கால் துவண்டுபோவது, படபடப்பு, மயக்கம் இவையே எச்சரிக்கை. ‘நாளைக்கு எப்படியும் டயாலிசிஸுக்குப் போகப்போறோமே’ என்று காத்திருக்காமல், அது நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.