தமையனாரின் இடது கை

பள்ளிக்கூட வாத்தியாருக்குக் காது கூர்மை என்பது உலகப் பிரசித்தம். கடைசி பெஞ்சில் யார் முணுமுணுத்தாலும் நமக்குக் கேட்டுவிடும். ஆனால் நமது சொந்த வீட்டில், நமது தமையனாரின் மணிக்கட்டில் ஓர் ஓசை அடங்கிப் போனது மட்டும் நமக்குக் கேட்கவில்லை.

தமையனார் குன்னூருக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷங்களாக அவருடைய சிறுநீரகங்கள் வேலை செய்வதில்லை. வாரத்துக்கு மூன்று தடவை, நான்கு மணி நேரம், டயாலிஸிஸ் யந்திரம் அவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்து கொடுக்கிறது. யந்திரமோ பெரும் பசிக்காரன். நிமிஷத்துக்குச் சுமார் 300 மில்லி லிட்டர் ரத்தம் கேட்கும். சாதாரணச் சிரை அவ்வளவுக்கு எங்கே போகும்? நியூயார்க் நகரத்துப் பிரெஷியா, சிமினோ முதலிய டாக்டர்கள் 1966-ல் அதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிட்டால், தமனியின் வேகத்தால் சிரை பருத்து, ஊசி ஏற்றத் தகுதியாகிவிடும். இதுதான் பிஸ்டுலா. அதன்மேல் விரலை வைத்தால், மடியில் படுத்த பூனை குர்குர் என்பது போல ஓர் அதிர்வு தெரியும்.

அதைக் காலையும் மாலையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் அம்மாள் சொல்லியிருந்தாள். அந்த உத்தியோகத்தை நாமே ஏற்றுக்கொண்டோம். பிறகு பரீட்சைப் பேப்பர்கள் கட்டுக் கட்டாக வந்து சேர்ந்தன. பத்து நாள் நாம் அந்தக் கையைத் தொடவில்லை.

அந்தப் பத்து நாளில் கை எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறது. ஊசியை எடுத்த பிறகு ரத்தம் நிற்க அரைமணி ஆயிற்று. கையைத் தூக்கினால் தளர வேண்டிய சிரை புடைத்தே நின்றது. பூனையின் குர்குர் போய், சம்மட்டி அடிப்பது போன்ற துடிப்பு வந்தது. நாம் திடுக்கிட்டுக் கேட்டபோது தமையனார் சிரித்தார்.

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும், தம்பி."

"எத்தனை நாளாக அண்ணா இப்படி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோயமுத்தூர் போனால் சும்மாவா? உன் பையனுக்குக் காலேஜ் சம்பளம் கட்ட வேண்டாமா?"

நமக்கு வாயடைத்துப் போயிற்று. அன்றே மலையிறங்கினோம்.

பர்லியாறு பக்கம் மண் சரிந்து பாதை குறுகினால், மேலே குன்னூர் வரையில் வண்டிகள் தேங்கி நிற்கும் அல்லவா? கையிலும் அதே கதைதான் என்றார் டாக்டர். தமனியின் வேகத்தைத் தாங்கப் பிறந்ததல்ல சிரை. நாளாவட்டத்தில் அதன் உட்சுவர் தடித்து வழி குறுகுகிறது. அப்படியே விட்டால் ரத்தம் உறைந்து முழுவதும் அடைபட்டுவிடும். குறுகிய இடத்தில் சிறு பலூனைச் செலுத்தி, ஊதி விரிக்கிறார்கள். ஜூரிச் நகரத்து டாக்டர் குருண்ட்சிக் 1974-ல் காலின் ரத்தக் குழாயில் செய்து காட்டிய உபாயம் இது. மாலையில் பூனை திரும்பி வந்தது.

"மறுபடியும் குறுகலாம், அப்போது மறுபடியும் விரிக்கலாம். ஆனால் சீக்கிரம் வரவேண்டும்" என்றார் டாக்டர்.

நேயர்களில் யார் வீட்டிலாவது இத்தகைய கை இருந்தால், அதில் ரத்த அழுத்தம் பார்க்க விடாதீர்கள். கைக்கடிகாரத்தை இறுகக் கட்ட விடாதீர்கள். தலைக்கு அணையாக வைத்துத் தூங்க விடாதீர்கள். அதிர்வு குறைந்தாலோ நின்றாலோ மறுநாளுக்குக் காத்திராமல் டாக்டரிடம் ஓடுங்கள். முக்கியமாக, "ஒன்றுமில்லை" என்று நோயாளி சொன்னால் நம்பாதீர்கள். அவர் உங்கள் வீட்டு வரவு செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும்.

இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் புறப்படுமுன் தமையனார் தாமே கையை நீட்டிவிடுகிறார். பேப்பர் கட்டுகள் காத்திருக்கின்றன.